டிராக்டரில் வந்த அதிபர்

1990 மார்ச் தொடக்கத்தில் பெரு நாட்டில் எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்புகளில் அல்பெர்ட்டோ ஃபுஜிமோரியின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் ‘மற்றவர்கள்’ என்ற கடைசி வரிசைக்குள் அவரையும் போட்டுவைத்திருந்தார்கள். ஏப்ரல் 8 அன்று முதல் சுற்று வாக்குப்பதிவு. எண்ணி முடித்தபோது அந்த ‘மற்றவர்’ 29 சதவீதம் வாங்கி இரண்டாம் இடத்தில் நின்றார். ஜூன் 10 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் 62 சதவீதம். ஜூலை 28 அன்று அதிபர். அன்று பெருவின் சுதந்திர தினம். ஆவணப்படி அவருடைய 52ஆவது பிறந்த நாளும் அதுதான்.

ஜப்பானிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தின் பிள்ளை. லிமா நகரின் ஓரத்தில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தில் கணக்கு வாத்தியார். பிறகு அதன் ரெக்டர். நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர் என்று வைத்துக்கொள்ளலாம். ஊராட்சி அளவில்கூட எந்தப் பதவியும் வகித்ததில்லை. கட்சி என்று ஒன்று, ‘காம்பியோ 90’ என்ற பெயரில், தேர்தலுக்காக அவசரமாக ஒட்டவைத்தது. பிரச்சார வாகனம் ஒரு டிராக்டர். பின்னால் ஓர் இழுவை வண்டியை மாட்டிக்கொண்டு, அதன்மேல் நின்று கையசைத்தபடி, ஆண்டிஸ் மலையிலிருந்து பஞ்சம் பிழைக்க இறங்கி வந்தவர்கள் குடிசை போட்டிருந்த மண் தெருக்களுக்குள் போவார். ‘உன்னைப் போல ஓர் அதிபர்’ என்பது அவருடைய முழக்கங்களில் ஒன்று.

அரசியலுக்கு வெளியே இருந்து ஒருவர் வந்து ஒரு நாட்டின் உச்சப் பதவியைப் பிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை. முடியும், மூன்றே மாதத்தில்கூட முடியும். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். வெளியாள் எப்படி ஜெயித்தார் என்று வியப்பார்கள், அல்லது பயப்படுவார்கள். உள்ளே இருந்து யார் அவருக்குத் தாழ்ப்பாளை நீக்கினார்கள், வந்து உட்கார்ந்தபின் யாரை வைத்து ஆண்டார் என்று கேட்பதில்லை. எனக்கு இந்த இரண்டும்தான் உறுத்துகின்றன.

பெருவின் கதையில் இன்னொரு சுவாரசியம், அந்தத் தேர்தலில் வெளியாட்கள் இருவர். தோற்றவரும் வெளியாள்தான். உலகம் அறிந்த நாவலாசிரியர் மரியோ வர்கஸ் யோசா. 1987 ஜூலையில் அன்றைய அதிபர் ஆலன் கார்சியா வங்கிகளை அரசுடைமை ஆக்கப்போவதாக அறிவித்தபோது, யோசா வடக்கே ஒரு கடற்கரையில் விடுமுறையில் இருந்தார். வானொலியில் செய்தி கேட்டு எதிர்த்து எழுதினார். அடுத்த மாதம் லிமாவின் சான் மார்ட்டின் சதுக்கத்தில் அவர் பேசிய கூட்டத்தில் மக்கள் வெள்ளமாகத் திரண்டார்கள். நேற்றுவரை கதை எழுதிக்கொண்டிருந்தவர் அடுத்த அதிபராகப் பேசப்பட்டார்.

அந்த நேரத்தில் பெரு எப்படி இருந்தது என்பதைச் சொல்லாமல் இது விளங்காது. விலைவாசி 1990இல் ஓராண்டில் 7,000 சதவீதத்துக்கு மேல் ஏறியது. சம்பளம் கைக்கு வந்த மணி நேரத்திலேயே அரிசியாகவோ எண்ணெயாகவோ மாற்றிவிட வேண்டும். மறுநாள் அது வெறும் தாள். மலைப்பகுதியில் ‘ஒளிரும் பாதை’ இயக்கம் ஊர் ஊராகக் கொன்றுகொண்டிருந்தது. பதிலுக்கு ராணுவமும் கொன்றது. 1980இல் ஆள வந்த வலதுசாரிக் கட்சி, 1985இல் வந்த, கார்சியாவின் அப்ரா கட்சி என்று இரண்டையும் மக்கள் பார்த்துவிட்டார்கள். இடதுசாரிகளோ இரண்டாக உடைந்து தனித்தனியாக நின்றார்கள். 1989 நவம்பரில் லிமா மேயர் தேர்தலில் ரிக்கார்டோ பெல்மோன்ட் என்ற தொலைக்காட்சிக்காரர் எல்லாக் கட்சிகளையும் தோற்கடித்தபோதே மணி அடித்துவிட்டது. கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்கவில்லை.

அப்படியொரு நேரத்தில் எழுத்தாளர் யோசா ஏன் தோற்றார்? என் கணிப்பில், அவர் வெளியாளாக இருப்பதை நடுவழியில் விட்டுவிட்டார். தனியாக நின்றால் ஆள முடியாது, நாடாளுமன்றத்தில் பலம் வேண்டும் என்று நினைத்து இரண்டு பழைய வலதுசாரிக் கட்சிகளோடு கூட்டணி சேர்ந்தார். ஆளும் கணக்கில் அது சரியான முடிவு. ஜெயிக்கும் கணக்கில் அதுவே அவரைக் கவிழ்த்தது. பெருவின் தேர்தல் முறையில் கட்சிப் பட்டியலுக்கு வாக்களிப்பதோடு, அந்தப் பட்டியலுக்குள் தனக்குப் பிடித்த வேட்பாளர்களையும் வாக்காளர் குறிக்கலாம். ஆகவே ஒரே அணியில் உள்ளவர்களே ஒருவரை ஒருவர் முந்தப் பணத்தைக் கொட்டினார்கள். பால் பவுடருக்கு வரிசையில் நிற்கும் குடும்பம், வீடு திரும்பித் தொலைக்காட்சியைப் போட்டால், யோசா அணியின் கோட்டுப் போட்ட வேட்பாளர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் வந்துகொண்டே இருந்தார்கள். போதாக்குறைக்கு, அரசு ஊழியரைக் குரங்காகக் காட்டிய ஒரு விளம்பரம் வேறு. அரசுச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் அதைப் பார்த்து எந்தப் பக்கம் போயிருக்கும் என்பதைச் சொல்லவா வேண்டும்?

யோசா ஒளிவுமறைவு இல்லாமல் பேசியதும் அவருக்கு எதிராகவே போனது. விலைவாசியை அடக்க ஒரே அடியாகக் கசப்பு மருந்து கொடுக்கப்போகிறேன், மானியங்கள் போகும், பலருக்கு வேலை போகும் என்று மேடைக்கு மேடை சொன்னார். ஃபுஜிமோரி அப்படி எதுவும் செய்ய மாட்டேன் என்றார். என்னதான் செய்வீர்கள் என்று கேட்டால் நேர்மை, தொழில்நுட்பம், உழைப்பு என்ற மூன்று சொற்கள். தன் திட்டத்தை விளக்க வேண்டிய நாளில், சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒதுங்கிக்கொண்ட கதை லிமாவில் வெகுகாலம் சிரிப்பாய்ச் சிரித்தது. திட்டம் இல்லாததைக் குறையாக மக்கள் எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைத்தோல் மேட்டுக்குடிக்கு எதிரே சப்பை மூக்குக்காரனும் மலைக்காரனும் சேர்ந்து நிற்கிறோம் என்ற உணர்வே போதுமானதாக இருந்தது. ஜப்பானிய வம்சாவளிக்காரரை ‘எல் சீனோ’, அதாவது சீனாக்காரர் என்று ஊரே கூப்பிட்டது. அவரும் அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். துணை அதிபர் வேட்பாளர்களாக அவர் எடுத்த இருவரில் ஒருவர் குஸ்கோ பகுதியிலிருந்து வந்த சிறுதொழில் முதலாளி, மற்றவர் பாப்டிஸ்ட் போதகர். சுவிசேஷ சபைக்காரர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். பணமில்லாத கட்சிக்கு அதுதான் கிளை, அதுதான் தொண்டர் படை.

இனி, தாழ்ப்பாள். முதல் சுற்றில் முந்தியவர் யோசாதான்: 32 சதவீதத்துக்குச் சற்று மேல். அதிக வாக்கு வாங்கியவரே வென்றவர் என்ற நம் நாட்டுத் தேர்தல் முறை அங்கே இருந்திருந்தால் அன்றிரவே அவர் அதிபர். ஃபுஜிமோரி பெருவின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பு. ஆனால் 1979 அரசமைப்புச் சட்டப்படி பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதல் இருவருக்குள் மீண்டும் தேர்தல். 1985இல் இரண்டாம் இடத்தில் வந்தவர் தாமாக விலகிக்கொண்டதால் அந்த ஏற்பாடு அதுவரை பயன்படவே இல்லை. முதன்முறையாக 1990இல் பயன்பட்டது. தோற்றுப்போன அப்ரா கட்சியும் இடதுசாரிகளும் யாருக்கு வாக்களிப்பார்கள்? ஃபுஜிமோரி யார் என்றே அவர்களில் பலருக்குத் தெரியாது. யோசா வரக் கூடாது என்பது தெரியும். அது போதும். கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்ததால், போட்டியிலிருந்து விலகிவிடலாமா என்றுகூட யோசா யோசித்தார். கூட இருந்தவர்கள் விடவில்லை.

பதவியில் இருந்த ஆலன் கார்சியாவுக்கும் யோசாமீது தீராத பகை. ஃபுஜிமோரி ஒன்றும் வானத்திலிருந்து குதித்தவரும் அல்லர். கார்சியா ஆட்சியில் அரசுத் தொலைக்காட்சியில் விவாத நிகழ்ச்சி நடத்தி முகம் பழக்கியவர். பிரச்சாரத்தின் நடுவே அவருடைய சொத்து, வரி விவகாரங்கள் கிளம்பியபோது அவற்றை அமுக்கிக் கொடுக்க ஒரு வழக்கறிஞர் வந்து சேர்ந்தார். ராணுவத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முன்னாள் கேப்டன், விளாடிமிரோ மோன்டேசினோஸ். அடுத்த 10 ஆண்டுகளுக்கு அந்த நாட்டின் உளவுத் துறையை நடத்தப்போகிறவர். வெளியாள் என்று மக்கள் தேர்ந்தெடுத்தவரோடு கூடவே, யாரும் தேர்ந்தெடுக்காத ஓர் உள்ளாளும் மாளிகைக்குள் நுழைந்தார்.

பதவியேற்று 11 நாள். 1990 ஆகஸ்ட் 8 இரவு, பொருளாதாரத்தையும் கவனித்துவந்த பிரதமர் ஹுவான் கார்லோஸ் ஹுர்டாடோ மில்லர் தொலைக்காட்சியில் தோன்றி, நாளை முதல் எது என்ன விலை என்று படித்தார். அன்றைய நாணயமான இன்டியில் 1,20,000க்கு விற்ற பால் டின் இனி 3,30,000. 9,000 இன்டி ரொட்டி 25,000. பெட்ரோல் ஏறத்தாழ 30 மடங்கு. கடவுள்தான் நமக்குத் துணை என்று சொல்லி முடித்தார். யோசா எதைச் செய்வேன் என்று சொல்லித் தோற்றாரோ, செய்ய மாட்டேன் என்று சொல்லி ஜெயித்தவர் அதை இன்னும் கடுமையாகச் செய்தார். இடையில் நடந்தது, நியூயார்க் போய்ச் சர்வதேசக் கடன் நிறுவனங்களின் தலைவர்களைப் பார்த்துவிட்டு வந்ததுதான். சொந்தத் திட்டம் இல்லாமல் வருகிறவர் மேசையில், வேறு யாரோ தயாராக எழுதிவைத்த திட்டம் வந்து உட்காரும். கொள்கைப் பிடிப்புள்ள கட்சிக்காரர் என்றால் கட்சிக்குள்ளேயே நாலு பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள். இவருக்குக் கட்சியே இல்லை. கேட்க ஆளும் இல்லை.

ஆனால் நாடாளுமன்றம் இருந்தது. 180 பேர் கொண்ட கீழவையில் அவருக்கு 32 பேர். 60 பேர் கொண்ட மேலவையில் 14 பேர். அந்த 46 பேரிலும் பலர் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். பேசிப் பேசி ஆதரவு திரட்டுவதுதான் அரசியல் என்ற தொழில். அந்தத் தொழில் தெரியாததைத் தகுதியாகக் காட்டி வாக்கு வாங்கியவர், அதை அங்கே போய்க் கற்றுக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது எப்படி? 1992 ஏப்ரல் 5, ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைக்காட்சியில் தோன்றி நாடாளுமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். டாங்கிகள் தெருவுக்கு வந்தன. நீதித் துறையும் கலைந்தது.

இங்கேதான் என்னைப் போன்ற ஜனநாயகப் பேர்வழிகளுக்குச் சங்கடமான பகுதி வருகிறது. பெரு மக்கள் இதைக் கொண்டாடினார்கள். கருத்துக் கணிப்புகளில் 10இல் 8 பேர் அவர் பக்கம். அந்தச் செப்டம்பரிலேயே ‘ஒளிரும் பாதை’ தலைவர் அபிமயேல் குஸ்மான் லிமாவில் ஒரு வீட்டில் பிடிபட்டார். விலைவாசியும் அடங்கியது. 1995இல் ஐ.நா. சபையின் முன்னாள் பொதுச்செயலர் ஹவியர் பெரெஸ் டி குயெய்யாரையே எளிதாகத் தோற்கடித்து மீண்டும் வந்தார். வெளியாளால் எதுவும் ஆகாது என்று சொல்பவர்கள் இந்த மூன்று ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் சொல்கிறார்கள். ஆனது. அதற்குக் கொடுத்த விலை, ஒரு பல்கலைக்கழக விடுதியிலிருந்து கடத்திக் கொல்லப்பட்ட மாணவர்களும், பாரியோஸ் ஆல்டோஸ் பகுதியில் ஒரு விருந்தில் சுட்டுக் கொல்லப்பட்ட 15 பேரும். அவர்களில் ஓர் எட்டு வயதுச் சிறுவனும் உண்டு.

முடிவு 2000இல் வந்தது. மோன்டேசினோஸ் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்குக் கட்டுக்கட்டாகப் பணம் எண்ணிக் கொடுக்கும் வீடியோ செப்டம்பரில் தொலைக்காட்சியில் ஓடியது. படம் எடுத்தவர்களே மோன்டேசினோஸின் ஆட்கள்தான். வாங்கியவரை மிரட்ட உதவும் என்று எல்லாவற்றையும் பதிவுசெய்து வைப்பது அவர் பழக்கம். நவம்பரில் மாநாட்டுக்கு என்று புறப்பட்ட ஃபுஜிமோரி டோக்கியோவில் இறங்கி, அங்கிருந்து ராஜினாமாவை ஃபேக்ஸில் அனுப்பினார். நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. பதவி வகிக்கத் தார்மிகத் தகுதி இல்லாதவர் என்று தீர்மானம் போட்டு நீக்கியது.

22 ஆண்டுகள் கழித்து, சிங்கப்பூரிலிருந்து மின்னஞ்சலில் வந்த இன்னொரு ராஜினாமா நமக்கு நினைவிருக்கும். கோத்தபய ராஜபக்ச 2019இல் 52 சதவீத வாக்குகளோடு இலங்கை ஜனாதிபதி ஆவதற்கு முன் எந்தத் தேர்தலிலும் நின்றவர் அல்லர். அரசியல்வாதி இல்லை, நிர்வாகி, காரியக்காரர் என்பதுதான் சிங்கள வாக்காளர்களிடம் அவருக்கான விளம்பரம். அண்ணன் இரண்டு முறை ஜனாதிபதியாக இருந்த வீட்டிலிருந்து ஒரு வெளியாள்! நாடாளுமன்றப் பலம் இல்லாத குறைகூட அவருக்கு இல்லை. ஒரே இரவில் ரசாயன உரத்துக்குத் தடை போட்டால் வயல் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்லவோ, சொன்னதைக் காதில் வாங்கவோதான் ஆள் இல்லை.

உக்ரைன் கதை இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது. ‘மக்களின் சேவகன்’ என்ற தொலைக்காட்சித் தொடரில், எதிர்பாராமல் அதிபராகிவிடும் வரலாற்று ஆசிரியராக நடித்தவர் வொலோதிமிர் ஸெலென்ஸ்கி. 2018 டிசம்பர் 31, நள்ளிரவுக்குச் சில நிமிடங்கள் முன்பு. வழக்கமாக அதிபரின் புத்தாண்டு உரை வரும் நேரம். 1+1 தொலைக்காட்சியில் அதிபருக்குப் பதில் இந்த நகைச்சுவை நடிகர் தோன்றி, தேர்தலில் நிற்கிறேன் என்றார். அதிபரின் உரை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த அலைவரிசை யாருடையது என்று பார்த்தால் இங்கேயும் தாழ்ப்பாளை நீக்கிய கை தெரியும்: கோடீஸ்வரர் இஹோர் கொலொமொய்ஸ்கி. 2019 ஏப்ரலில் இரண்டாம் சுற்றில் ஸெலென்ஸ்கி 73 சதவீதம் வாங்கினார்.

அவர் செய்த அடுத்த வேலைதான் ஃபுஜிமோரியிடமிருந்து அவரை வேறுபடுத்துகிறது. பதவியேற்பு உரையிலேயே நாடாளுமன்றத்தைக் கலைப்பதாக அறிவித்தார். ஆனால் டாங்கிகளை அனுப்பவில்லை, தேர்தலுக்கு அனுப்பினார். தொடரின் பெயரையே சூட்டிய கட்சி ஜூலையில் 254 இடங்களைப் பிடித்து, சுதந்திர உக்ரைனில் முதல்முறையாகத் தனிப் பெரும்பான்மை பெற்றது. அந்த அலை ஓயும் முன்பே, மூன்று மாதத்துக்குள் தேர்தல் நடந்ததால் கிடைத்தது அது. பிறகு போர் வந்து அவரை வேறு மனிதராக்கிவிட்டது. போர் வராமல் இருந்திருந்தால் அந்த 254 பேரை வைத்து என்ன செய்திருப்பார் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் இதற்கு இன்னொரு வழி உண்டு. 1992இல் ராஸ் பெரோ என்ற தொழிலதிபர் தன் பணத்தில் சுயேச்சையாக நின்று கிட்டத்தட்ட 19 சதவீத வாக்கு வாங்கினார். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களில் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. 2016இல் டொனால்ட் டிரம்ப் தனி வீடு கட்டவில்லை, குடியரசுக் கட்சி என்ற பழைய வீட்டுக்குள் குடியேறி அதையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அரசுப் பதவியோ ராணுவப் பதவியோ வகிக்காமல் அங்கே அதிபரான முதல் மனிதர் அவர். அதற்கான வாசலும் உள்ளிருந்தே திறந்ததுதான். 1968இல் ஜனநாயகக் கட்சியின் ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி முதற்கட்டத் தேர்தல் எதிலும் போட்டியிடாமல் கட்சிப் பெரியவர்களின் தயவில் வேட்பாளரானார். எழுந்த கூச்சலில், நாளடைவில் இரு கட்சிகளிலும் விதிகளை மாற்றி, வேட்பாளரை நிறுத்தும் உரிமையை வாக்காளர் கையில் கொடுத்தார்கள். ஜனநாயகப்படுத்தியதுதான், சந்தேகமில்லை. வாசற்காவலை எடுத்ததும் அதுதான்.

நம் நாட்டில் இப்படி நடக்காததற்குக் காரணம் நம் வாக்காளரின் விவேகம் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். பிரதமரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, அவ்வளவுதான். 272 உறுப்பினர்களின் தலையைக் காட்டாமல் அந்த நாற்காலியில் யாரும் உட்கார முடியாது. மன்மோகன் சிங் மக்களவைத் தேர்தலில் ஒரு முறை நின்று தோற்றவர், வென்றதே இல்லை. அவர் 10 ஆண்டுகள் பிரதமராக இருந்தது கட்சி திறந்துவிட்ட கதவு வழியாக. குடியரசுத் தலைவர் பதவியிலும் அப்படித்தான். அப்துல் கலாமை 2002இல் மக்கள் ஜனாதிபதி என்று கொண்டாடினோம்; அனுப்பிவைத்தவர்கள் கட்சிக்காரர்கள். 2007இல் அதே கட்சிகள் வேறு கணக்குப் போட்டபோது, மக்களின் பிரியம் அவருக்கு ஒரு நாள்கூடக் கூடுதலாக வாங்கித் தரவில்லை.

மீண்டும் பெரு. 2021இல், வடக்கு மலைப்பகுதியான காஹமார்க்காவிலிருந்து பெத்ரோ காஸ்டியோ என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியர் வந்தார். அகன்ற வைக்கோல் தொப்பி, கையில் ஆளுயரப் பென்சில், அதுதான் சின்னம். முதல் சுற்றில் 19 சதவீதம்கூட இல்லை. ஆனாலும் இரண்டாம் சுற்றுக்குள் நுழைந்து, ஃபுஜிமோரியின் மகள் கெய்கோவை ஏறத்தாழ 44,000 வாக்குகளில் வென்றார். யோசா கூடாது என்பதற்காக 1990இல் அப்பாவுக்கு விழுந்த வாக்கு போலவே, கெய்கோ கூடாது என்பதற்காக விழுந்த வாக்கு. 130 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் அவரை நிறுத்திய கட்சிக்கு 37 பேர். ஒன்றரை ஆண்டுக்குள் அமைச்சரவையை எத்தனை முறை மாற்றினார் என்று லிமா பத்திரிகைக்காரர்களே எண்ணிச் சலித்துப்போனார்கள்.

2022 டிசம்பர் 7 அன்று, மூன்றாவது பதவிநீக்கத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரும் முன், தொலைக்காட்சியில் தோன்றி நாடாளுமன்றத்தைக் கலைப்பதாகப் படித்தார். கையில் இருந்த தாள் நடுங்கியது. ஃபுஜிமோரியின் பழைய உரையை யாரோ தூசி தட்டிக் கொடுத்ததைப் போல இருந்தது. இந்த முறை ராணுவம் அசையவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் 101 வாக்குகளில் பதவி போனது. குடும்பத்தோடு மெக்சிகோ தூதரகத்துக்குக் காரில் கிளம்பியவரை, அவருடைய மெய்க்காவலர்களே வழியில் காவல் அலுவலகத்துக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள்.

அங்கிருந்து அவரை அனுப்பிய இடம் லிமாவின் கிழக்கே, காவல் துறை வளாகத்துக்குள் இருக்கும் பார்பாடியோ சிறை. அங்கே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். ஃபுஜிமோரியை வைப்பதற்காகவே ஏற்பாடு செய்த இடம் அது. டோக்கியோவுக்குப் போனவர் பின்னாளில் பெருவுக்குக் கொண்டுவரப்பட்டு, அந்தக் கொலைகளுக்காக 25 ஆண்டுத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஏப்ரலில் அலெஹாந்த்ரோ டொலேடோவும் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டார். சிறுவயதில் ஷூ பாலிஷ் போட்டு, பிறகு பொருளாதாரம் படித்து, 2001இல் மக்கள் ஆரவாரத்தோடு அதிபரானவர். அரசியல் வாடையே இல்லாதவர் என்று அவரையும் ஒரு காலத்தில் புகழ்ந்தார்கள். ஃபுஜிமோரி அந்த டிசம்பரில் விடுதலையாகும்வரை, ஏழெட்டு மாதம், டிராக்டரில் வந்தவரும் பென்சிலோடு வந்தவரும் ஷூ பாலிஷ் பெட்டியோடு தொடங்கியவரும் அந்த ஒரே மதில் சுவருக்குள் இருந்தார்கள்.